படகில் சாய்ந்திருப்பவள் நீ அல்ல

அண்ணன் மகள் ஒகினுவுக்கு, எடோவிலிருந்து சித்தப்பா ஜின்பெய் ஆசிகளோடு எழுதுவது. உன் எஜமானியம்மாள் நலமா? ஒடவாராவிலும் வெயில் இப்படித்தான் வேகவைக்கிறதா? இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம்.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. மரக்கட்டையில் செதுக்கி, ஏழு நிறம் ஏற்றி அச்சடித்து, கடைக்குக் கடை தொங்கவிட்டிருக்கிறார்கள். சுமிதா ஆறு, சாயங்காலக் காற்று, ஒரு படகு. அதில் ஒருத்தி தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, கழுத்து தெரியச் சாய்ந்து, ஒரு கவலையும் இல்லாமல் தர்பூசணி தின்கிறாள். உடுத்தியிருப்பது தும்பி போட்ட நீலப் பருத்தி. போன கோடையில் உனக்கு நான் வாங்கித் தந்த அதே துணி! பார்த்த பிறகு வாய் சும்மா இருக்குமா? வெந்நீர்க் குளியல் கூடத்தில் நின்று, இது எங்கள் ஒகினு என்றேன். மறுநாள், உன்னை வரைய விடச் சொல்லி ஓவியர் மூன்று தடவை என் வாசலில் வந்து கெஞ்சினார் என்றேன். அதற்கடுத்த நாள் அதை ஐந்தாக்கிவிட்டேன்.

உனக்குப் பேசி வைத்திருக்கும் சோயாக் கடைக்காரர் வீடுவரை அது போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் ஒதொரா அம்மாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஏங்க, அடக்கமான பொண்ணுன்னீங்க. இவ எவன் படகுல இப்படிக் கால நீட்டிக்கிட்டுக் கெடக்கா? எங்க கடையில உக்கார வைக்கவா, ஆத்துல மெதக்க விடவா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றாள்.

ஓவியரிடம் ஓடினேன். அவர் படத்தில் ஊரே காற்று வாங்குகிறது. மனிதரோ புழுங்கும் மாடியில் வெற்றுடம்போடு கொசு அடித்துக்கொண்டிருந்தார். இது என் பெண் இல்லை என்று வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "யோவ், நான் போடுற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய்தான். இதுல உம்ம பொண்ணு எது, எதுத்த வீட்டுக் கெழவி எதுன்னு நான் எங்க போய்ச் சொல்ல? இந்த வருஷம் நான் படகே ஏறலய்யா, போய்யா" என்று விரட்டினார்.

வேறு வழி? ஒதொரா அம்மாள் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்து, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை. அத்தோடு விட்டாளா? கண்ணை இடுக்கிக்கொண்டு, "அப்போ, படுத்த படுக்கையா கெடந்த அப்பாவ நாலு வருஷம் இவ பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டதா சொன்னீங்களே, அதுவும் இதே கதைதானா?" என்றாள்.

சத்தியமாக இல்லை என்று தரையில் அடித்துச் சொன்னேன், ஒகினு. நம்பினால்தானே! அந்த நாலு வருடத்தை மட்டும் நான் கூட்டிச் சொன்னதே இல்லை. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஹகோனே வெந்நீர் ஊற்றுக்குப் போகிற வழியில் உன்னைப் பார்க்க வருகிறாளாம். என் பேச்சை இனி காதில் வாங்கமாட்டாளாம். உன்னைப் பார்த்துப் பேசிய பிறகுதான் முடிவாம். அந்தத் தும்பி உடுப்பை எடுத்து உள்ளே வை. என்னைப் பற்றிக் கேட்டால், ஆமாம், சித்தப்பா பெரிய புளுகர் என்று தாராளமாகச் சொல். ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்டால் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே, தாயே. நடந்ததை நடந்தபடி நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் எடுபடாதபடி நானே செய்துகொண்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் விஷயத்தில் ஒரு பொய் மட்டுமே சொன்ன,
சித்தப்பா ஜின்பெய்