பூங்காவுக்குள் புதைந்த மறுகால்

அனுப்புநர்
மு. வீரையா,
சைக்கிள் கடை, மேலத்தெரு,
வேம்பங்கரை, காரைக்குடி வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்கள்,
டவுன் பஞ்சாயத்து அலுவலகம்,
வேம்பங்கரை.

பொருள்: பஞ்சாயத்துப் பூங்காவுக்காக மேலூரணியின் மறுகால் வாய்க்கால் தூர்க்கப்பட்டது – கீழூரணிக்குத் தண்ணீர் வரத்து நின்றது – வாய்க்காலைத் திறந்துவிடவும், கீழத்தெருவினர் நால்வர் மீதான அபராத நோட்டீசை ரத்து செய்யவும் வேண்டுதல் – மனுதாரர் முன்பு கொடுத்த தவறான வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – சம்பந்தமாக.

பார்வை: 1) பூங்கா கேட்டு நான் கொடுத்த ஏழு மனுக்கள், 1963 முதல் 1965 வரை. 2) பஞ்சாயத்துத் தீர்மானம் எண் 41, நாள் 14-2-1966. 3) பூங்கா துணை விதிகள், விதி 6.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் தலையில் கை வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காரைக்குடியில் பூங்கா இருக்கிறது, தேவகோட்டையில் இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை, சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து ரேடியோ கேட்க ஓர் இடம் வேண்டாமா என்று மூன்று வருடமாக ஏழு மனு எழுதித் தங்களை உபத்திரவம் செய்தவன் நானே. இது எட்டாவது. பூங்கா வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். பூங்கா இருக்க வேண்டும். அதற்கு அடியில் கிடப்பது வெளியே வர வேண்டும்.

2. சென்ற தை மாதம் ஓவர்சியர் திரு. அழகுசுந்தரம் அவர்கள் இடம் பார்க்க வந்தார்கள். மேலூரணிக் கரைக்குக் கிழக்கே உள்ள புறம்போக்கு பொருத்தமாக இருந்தது. நடுவில் ஒரு பள்ளம் ஓடியதால், அதில் தண்ணீர் வருமா என்று உள்ளூர்ப் பெரியவர்களிடம் எழுதி வாங்க விரும்பினார்கள். என் கடை எதிரிலேயே இருப்பதாலும், எனக்கு எழுத வருவதாலும் என்னைக் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது தங்கள் கோப்பில் இருக்கும். வசதிக்காக இங்கே திரும்ப எழுதுகிறேன்:

"மேற்படி பள்ளத்தில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. சில வருடங்களில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கீழத்தெருப் பெண்கள் தேங்காய், பழம், குடம் சகிதமாக வந்து அவ்விடத்தில் சாமி கும்பிடுகிறார்கள். அவர்களுடைய வழிபாட்டுக்கு ஒரு மூலையில் சிறிது இடம் விட்டால் போதுமானது."

எழுதி முடித்தபோது எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. யாரும் கேட்காமலே கீழத்தெருவுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்த தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஐயா, அந்தப் பள்ளத்தில் எந்தச் சாமியும் இல்லை. மேலூரணி நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகாலாக வழிந்து கீழூரணிக்குப் புறப்படும் அன்று, கீழத்தெருப் பெண்கள் வந்து வாய்க்கால் தலைப்பில் ஒரு தேங்காய் உடைத்து, முதல் குடத்தை மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவது அவர்களுடைய வழக்கம். தண்ணீர் வந்ததால்தான் அவர்கள் வந்தார்கள். மூன்று முறையாவது நான் பார்த்திருக்கிறேன். தேங்காயைப் பார்த்தேன், பழத்தைப் பார்த்தேன், குடத்தையும் பார்த்தேன். அவர்கள் கணுக்கால் நனைந்திருந்ததைப் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்தபடி பார்த்தால் பள்ளத்தின் அடி தெரியாது, எழுந்து போய்ப் பார்த்ததும் இல்லை. நாங்கள் குளிப்பதும் பேசுவதும் மேற்குப் படித்துறையில். மறுகால் கிழக்குக் கரைக்கு அப்பால் இறங்கி ஓடுவது. இந்த ஊரிலேயே பிறந்து நாற்பத்தொரு வயதான எனக்கு ஊரணியின் முதுகுப்பக்கம் தெரியாமல் போனது வெட்கப்பட வேண்டிய விஷயம், வெட்கப்படுகிறேன்.

4. என் வாக்குமூலத்தை நம்பித் தீர்மானம் நிறைவேறியது. சரளை கொட்டிப் பள்ளம் சமமாக்கப்பட்டது. முள்கம்பி வேலி, குரோட்டன்ஸ் பாத்தி, சிமெண்டு பெஞ்சு, ரேடியோ அறை எல்லாம் வந்தன. ஆனி மாதம் திறப்பு விழா. அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து செய்தி கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

5. இந்த மாதம் 6-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் மேலூரணி நிறைந்தது. மறுகால் கிளம்பியது. பூங்கா மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி, பஸ் ரோட்டில் ஏறி, என் கடைக்குள் புகுந்து, அப்பால் பொட்டலில் பாய்ந்து மண்ணோடு போயிற்று. நான் மிதக்கும் டியூப்களைப் பொறுக்கிக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்நேரம் கீழத்தெரு காளியாயி என்பவர் தேங்காய்த் தட்டோடு வந்து வேலி ஓரம் நின்று எதையோ தேடினார். நான் கடையில் இருந்தபடியே, உங்கள் சாமிக்கு விட்ட இடம் அந்த மூலையில் இருக்கிறது என்று கை காட்டினேன். அவர் என்னிடம் வந்து சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்:

"ஐயா, நாங்க சாமி கும்பிட வரல. தண்ணி வந்துருச்சான்னு பாக்க வந்தோம். நீங்க மேலத்தெருவுல இருக்கீக, வார தண்ணியத்தான் பாத்திருப்பீக. போற தண்ணி எங்குட்டுப் போகுதுன்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

6. மறுநாள் காலை காளியாயியின் கணவர் செம்மலையும் இன்னும் மூவரும் பூங்கா மேட்டை வெட்டி வழி எடுத்தார்கள். அரை நாள் தண்ணீர் ஓடியது. மதியத்துக்கு மேல் பஞ்சாயத்து ஆட்கள் வந்து வெட்டிய இடத்தை மூடினார்கள். பூங்கா எல்லைக்குள் மண் வெட்டக் கூடாது என்ற 6-வது விதிப்படி நால்வருக்கும் அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. வாய்க்காலைத் தோண்டியவர்களுக்கு நோட்டீஸ் உண்டு, தூர்க்கக் காரணமாக இருந்த எனக்கு இல்லை. விதியை மாற்ற முடியாது என்று தாங்கள் கருதினால், அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

7. கீழூரணியில் இன்றைக்கு முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் நிற்கிறது. நானே இறங்கிப் பார்த்தேன். அறுபத்திரண்டு வீடுகளுக்குக் குடிதண்ணீர் அது ஒன்றே. இந்த அளவில் தை மாதம் தாண்டாது. அதன் பிறகு பள்ளத்தூர் ரோட்டுக் கிணற்றுக்குப் போக ஒன்றேகால் மைல், வர ஒன்றேகால் மைல். எதிரிலேயே மேலூரணி நிறைந்து கிடக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அதில் அவர்கள் குடம் முக்குவதை எங்கள் தெரு இன்னும் பொறுப்பதில்லை. அது சட்டப்படி குற்றம் என்பதும் எனக்குத் தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும். அதைப் பற்றித் தனியே ஒன்பதாவது மனு எழுத இருக்கிறேன். ஆனால் அது முடிகிறவரைக்கும் யாரும் தாகத்தோடு காத்திருக்க முடியாது.

8. இனி நல்ல செய்தி. கார்த்திகை பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மழை பாக்கி இருக்கிறது, மேலூரணி இன்னும் தளும்பிக்கொண்டுதான் நிற்கிறது. செம்மலையும் நானும் கயிறு பிடித்து அளந்ததில், வாய்க்காலின் பழைய தடத்தில் ரேடியோ அறையும் வரவில்லை, பெஞ்சும் வரவில்லை. இரண்டு குரோட்டன்ஸ் பாத்தியும் பன்னிரண்டு அடி வேலியும் மட்டுமே குறுக்கே நிற்கின்றன. ஐந்தடி அகலத்தில் வெட்டினால் போதும். மேலத்தெரு முத்தப்பன் செட்டியார் அவர்கள் தம் வீட்டுப் பின்கட்டில் சும்மா கிடக்கும் இரண்டு கல்பலகைகளைக் குறுக்கே பாலமாகப் போடத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ கேட்க வரும் இளைஞர்களில் பத்தொன்பது பேர் மண்வெட்டியோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் கீழத்தெரு, பதினொரு பேர் எங்கள் மேலத்தெரு. நேற்றுவரை கீழத்தெரு எந்தப் பக்கம் என்று கேட்டால் கையை மட்டும் நீட்டிக் காட்டியவர்கள் அவர்கள். இரு தெருவையும் இப்படி ஒன்றாகப் பார்க்க எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. தங்கள் உத்தரவு வந்தால் ஒரே நாள் வேலை.

9. பூங்காவின் அழகு கெடும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நடுவில் தண்ணீர் சலசலத்து ஓட, மேலே கல்பாலம் போட்ட பூங்காவைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததில்லை என்று சொல்வதை இனிமேல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாலும், இதை ஓவர்சியர் அவர்களே விசாரித்துக்கொள்ளலாம்.

10. எனவே தாங்கள் தயவுகூர்ந்து, மறுகாலின் பழைய தடத்தைக் கார்த்திகை முதல் வாரத்துக்குள் திறந்துவிட உத்தரவிடவும், அதை இனி எவரும் தூர்க்காதபடி பஞ்சாயத்துப் பதிவேட்டில் நீர்வழி என்று எழுதிவைக்கவும், வாய்க்காலைச் சுத்தம் செய்பவர்களுக்கு 6-வது விதியிலிருந்து விலக்கு அளிக்கவும், நால்வர் மீதான நோட்டீசை ரத்து செய்யவும் வேண்டுகிறேன். தை மாதத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். கோப்பிலிருந்து அதைக் கிழிக்க வேண்டாம். இந்த மனுவை அதோடு சேர்த்துத் தைத்துவையுங்கள்.

இடம் பார்க்க ஓவர்சியர் அவர்களை மீண்டும் அனுப்ப வேண்டும். இந்த முறை அவர் என் கடைப்பக்கம் வர வேண்டியதில்லை. நேராகக் கீழத்தெருவுக்குப் போய்க் காளியாயியைக் கேட்கட்டும். தண்ணீர் எங்கே வழிந்து, எங்கே திரும்பி, எங்கே சேர்கிறது என்று அவர் கூடவே நடந்து காட்டுவார். அவர் சொல்லச் சொல்ல ஓவர்சியர் எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, வாக்குமூலம் கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய கைநாட்டை வாங்கட்டும். அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் உத்தரவு வரும் திசை பார்த்திருக்கும்,

(ஒப்பம்) மு. வீரையா

இடம்: வேம்பங்கரை
நாள்: 14-11-1966