வெள்ளைக் கோப்பையில் எஞ்சின் ஆயில்

1961 ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்று ஐயா வண்டிக்கு ஆயில் மாற்றினேன். அடி நட்டைக் கழற்றியதும் வந்ததைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது. ஆயிலா அது? மேலே கொஞ்சம் தெளிவு, அடியில் களி மாதிரி கசடு. நாலு மாசமாகப் பெட்ரோல் காருக்கு ஊற்றுகிறதையே டீசல் எஞ்சினுக்கும் ஊற்றினால் வேறென்ன வரும்?

தேயிலை ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற லியனார்ட் டீமேக்கர் ஐயாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சித்திரையில் ஹட்டன் மெக்கானிக் பியசேன பாஸ் இந்தப் பழைய ஆஸ்டினிலிருந்து பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு, உடைந்த வேனின் டீசல் எஞ்சினை வைத்துக் கொடுத்தாரே, அன்றைக்கே சொன்னேன். "காரு அதே காருதானே நல்லமுத்து" என்றார். திரும்பவும் சொன்னதற்கு, "அப்ப நம்ம ஸ்டோர் பீப்பாயில ஒரு டின் புடிச்சுக்க, அதுவும் டீசல் எஞ்சின் ஆயில்தானே" என்றார். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஆடி அசைந்து ஓடுவது. அதன் ஆயில் கூழ். வட்டகொடைக் குளிரில் விடியற்காலை அது காரின் எஞ்சினுக்குள் ஏறுவதற்குள் உள்ளே எல்லாம் தேய்ந்துவிடும்.

ஒருவழியாக இறங்கி வந்தார். ஹட்டனில் வாங்கியது முப்பதாம் நம்பர், டின்னில் எச்.டி. என்று இரண்டு எழுத்து. நம்பர் தடிப்பைச் சொல்லும். அந்த இரண்டு எழுத்துத்தான் கரியைக் கழுவும். ஏழு வருஷம் கொழும்புக்கு டீசல் லொறி ஓட்டினவன், எனக்கு இதுகூடத் தெரியாதா?

உள்ளே பழைய கசடு நிறைய இருக்கிறது, அதனால் சீக்கிரமே இன்னொரு தடவை மாற்றணும் என்றும் சொன்னேன். "இன்னொரு டின்னா?" என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எஞ்சின் சத்தம் குறைந்திருக்கிறது. தலவாக்கலை ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. எனக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

எழுதித்தான் ஆகணும், இல்லையென்றால் வெடித்துவிடுவேன்.

காலையில் ஸ்டோர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஐயா தானே போனட்டைத் திறந்து அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். கறுப்பு. முகம் சுருங்கியது. "உள்ள வா" என்றார்.

தேயிலை ருசி பார்க்கிற மேசைக்குக் கூட்டிப் போனார். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒரு கோப்பையில் டின் அடியில் மிச்சமிருந்த புது ஆயில். இன்னொன்றில் வண்டியிலிருந்து பிடித்த ஆயில். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் தூக்கிப் பிடித்து, சாயம் பார்க்கிற மாதிரியே பார்க்கிறார்! மோந்து வேறு பார்க்கிறார்! ஒன்று தேன் நிறம், மற்றது மை.

"இருபத்திரெண்டு வருஷமா நிறம் பாக்குறவன் நான். ஆறு நாள்ல எந்த ஆயிலாவது இப்படி ஆகுமா? புதுசை வித்துட்டு எவனோ கழிச்சுப்போட்டதை ஊத்தியிருக்க."

அரைவைக்காரர்கள், சலிக்கிற பொம்பிளைகள், கணக்கப்பிள்ளை — நாற்பது பேர் இருக்கும். அத்தனை பேரும் வேலையை விட்டுப் பார்க்கிறார்கள்.

"ஐயா, அது கழுவுற ஆயிலு. கழுவினா கறுக்கத்தானே செய்யும்? துணி தொவைச்ச தண்ணி வெள்ளையாவா இருக்கும்?" என்று கேட்டேன்.

"பேசாத! களவாணிப் பயலே!"

களவாணி. என்னை. அடேயப்பா! லொறி லொறியாகத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு கைப்பிடித் தூள் எடுத்தவனில்லை. என்னைப் பார்த்து ஒரு டின் ஆயிலுக்குக் களவாணி என்கிறார். பழைய ஆயில் தெளிவாக இருந்ததே, ஏன்? அழுக்கை அள்ளாமல் அடியில் போட்டுவிட்டு மேலே நல்ல பிள்ளை மாதிரி நின்றது. அது அவருக்கு நல்ல ஆயில்! வேலை செய்கிறது திருட்டு ஆயில்!

ஆகஸ்ட் 15, செவ்வாய்

வண்டியைத் தொடவிடவில்லை. லயத்து வீட்டிலேயே கிடந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

ஐயா தோட்டத்துப் பெரிய தொரையிடம் போய்ச் சொல்லிவிட்டாராம். மாசக் கடைசியில் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்புவார்களாம். எனக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. எனக்கும் பூரணிக்கும் சேர்த்து! பதினாறு வயசிலிருந்து இந்த மலையில் கொழுந்து பறிக்கிறவளைப் பேர் வெட்டி, லயக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்களாம். அவள் என்ன செய்தாள்? ஆயில் டின்னைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு எந்த மேசையில் கிடக்கிறதோ. களவுப் பேரோடு வருகிறவனை எந்தத் தோட்டம் சேர்க்கும்? டயகம பக்கம் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் இதெல்லாம்கூட இல்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் பூரணி கேட்டாள். குனிந்துகொண்டே கேட்டாள். "என்னங்க, நெசமாவே நீங்க எடுக்கலதானே?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பதினோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி! டீமேக்கர் சொன்னது முதுகில் பட்ட அடி. இது நெஞ்சில்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை முழுக்க அவளோடு பேசவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள் கூடையை இறக்காமலே நின்றாள்.

"கோவமா இருங்க, பரவால்ல. நான் கேட்டது தப்புத்தான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க கொழுந்தை எங்க கண்ணு முன்னாலதானே நிறுக்குறாங்க? தராசு முள்ளை நாங்க பாத்தாத்தானே ஒத்துக்குவோம்? அதே மாதிரி அவரு கையாலயே ஊத்தச் சொல்லுங்க. அவரையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்க. அவரு கண்ணு முன்னால கறுக்கட்டும்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கோபத்தில் மூளை வேலை செய்யவில்லை. அவள் கேட்டதை மன்னித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஐயாவிடம் போய்க் கேட்டேன். முதலில் விரட்டினார். "பயமா ஐயா உங்களுக்கு?" என்றேன். அந்த வார்த்தை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வருகிறாராம். டின்னைத் தானே வாங்கி, அலமாரியில் பூட்டி வைப்பாராம். வைக்கட்டும், சாவியை இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பழைய ஆயிலை ஐயா முன்னாலேயே வடித்தேன். அவர் பூட்டைத் திறந்து டின்னை எடுத்தார். அவரே உடைத்தார், அவரே ஊற்றினார். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு வெள்ளைக் கோப்பை! ஸ்டோரிலிருந்து கையோடு கொண்டுவந்திருக்கிறார். நானுஓயா வழியாக நுவரெலியா, திரும்ப வட்டகொடை. நுவரெலியாவில் எனக்குத் தேத்தண்ணி குடிக்க ஆசை. இறங்கவில்லை. இறங்கினால் அந்த நேரத்தில் ஆயிலை மாற்றிவிட்டேன் என்பார்.

வந்து நிறுத்தினதும் அவரே கோப்பையில் பிடித்தார். கறுப்பு. முந்தின தடவை போலக் கட்டிக் கறுப்பில்லை, ஆனாலும் தேன் நிறம் போன இடம் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் தேய்த்தார்.

"ம்" என்றார். பிறகு, "தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி வேணும்."

அவ்வளவுதான்! "ம்!"

ஆகஸ்ட் 21, திங்கள்

பத்துச்சீட்டு இல்லையாம், கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். பூரணி மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

ஏழு மணிக்குப் போனேன். சாவியை மேசையில் வைத்தேன். "நாப்பது பேருக்கு முன்னால களவாணின்னீங்க. இல்லைன்னு மட்டும் காரு பக்கத்துல நின்னு, யாருக்கும் கேக்காம 'ம்'ங்கிறீங்க. அந்த நாப்பது பேருக்கு முன்னால சொல்லுங்க ஐயா, ஓட்டுறேன்."

"டிரைவர் நீயி. எனக்குச் சட்டம் சொல்றியா?"

"அப்ப நான் டிரைவர் இல்லைங்க" என்று வந்துவிட்டேன். நேரே பெரிய கங்காணியிடம் போய்ப் பேர் கொடுத்தேன். நாளையிலிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கை முழுக்கக் கொப்புளம். ஸ்டியரிங் பிடித்த கைக்குக் கவ்வாத்துக் கத்தி ஒத்துவரவில்லை. இடுப்பு நிமிரவில்லை.

அதுகூடத் தாங்கலாம். மலையில் என்னோடு கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டி ஒரு பேர் வைத்துவிட்டான். "ஏ ஆயிலு, இந்தப் பக்கம் வா!" "ஆயிலு, உன் கத்திக்கு எண்ணெய் போட்டியா, இல்ல வித்துட்டியா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். கெட்ட மனுஷன் இல்லை அவன், விளையாட்டுக்குத்தான் சொல்கிறான். ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. நேற்று சின்னப் பிள்ளைகள்கூட ஆயிலு மாமா என்கின்றன. பத்துச்சீட்டைக் கிழிக்கலாம், இதை எப்படிக் கிழிப்பது? யாருக்கும் நடந்தது தெரியாது. ஏதோ கெஞ்சிக் கூத்தாடித் தப்பித்தேன் என்றுதான் நினைக்கிறார்கள்.

செப்டெம்பர் 6, புதன்

மூக்கன் கவ்வாத்து மலைக்கே என்னைத் தேடி வந்தார். டீமேக்கரின் புது டிரைவர், றொசல்லைக்காரர், ஐம்பது வயசிருக்கும். பெட்ரோல் கார்தான் ஓட்டிப் பழக்கமாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷர்.

மிச்சக் கசடும் போக இன்னொரு தடவை ஆயில் மாற்ற வேண்டுமாம். நான் வாங்கின டின் இப்போது ஹட்டன் கடைகளில் இல்லை. கப்பலில் வரவில்லையாம். முப்பதாம் நம்பர் இருக்கிறது, ஆனால் எச்.டி. இல்லை. எச்.டி. இருக்கிறது, ஆனால் நாற்பதாம் நம்பர். எதை ஊற்றுவது? சனிக்கிழமை ஐயா மகள் பவுலினுக்கு ஹட்டன் கோயிலில் கல்யாணம். பொண்ணு இந்த வண்டியில்தான் போகணும்.

"பியசேன பாஸ் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எஞ்சினை வச்சது நான், ஆனா அதோட குணம் தெரிஞ்சவன் நல்லமுத்து, அவனைக் கேளுன்னாரு. ஐயாதாங்க கேட்டுட்டு வரச் சொன்னாரு."

வந்த கோபம் கொஞ்சமில்லை. திட்டுவது ஸ்டோர் முழுக்கக் கேட்க, கேட்பது மட்டும் ஆள் விட்டா?

"அண்ணே, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. போய்ச் சொல்லுங்க. நல்லமுத்துகிட்ட பதில் இருக்கு. ஐயா காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துக்கு வந்து, ஆளுங்க நிக்கும்போது கேட்டா கிடைக்கும்."

மூக்கன் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

செப்டெம்பர் 7, வியாழன்

வரவில்லை. "கல்யாண வீட்டுக்காரர், கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்" என்கிறாள் பூரணி. ஆயில் தப்பாகப் போய் நடுவழியில் பொண்ணு நின்றால்? அந்தப் பிள்ளை எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. போய்ச் சொல்லிவிடலாமா? மாட்டேன். நாளை ஒரு நாள் பார்ப்பேன். அப்புறம்... தெரியவில்லை.

செப்டெம்பர் 8, வெள்ளி

காலைப் பெரட்டு. தூறல். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லியனார்ட் ஐயா வந்தார். நடந்தே வந்தார், சப்பாத்தெல்லாம் சேறு. ஆண் வரிசையும் பெண் வரிசையும் திரும்பிப் பார்த்தன.

என் முன்னால் வந்து நின்று, "நல்லமுத்து, வண்டிக்கு எந்த ஆயில் போடணும்?" என்றார். குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது.

"பின்னால கேக்கலைங்க ஐயா!" — பழனியாண்டி!

ஐயா காது சிவந்துவிட்டது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. திரும்பி, எல்லாரையும் பார்த்துக்கொண்டு, சத்தமாகக் கேட்டார். "நல்லமுத்து, என் வண்டிக்கு எந்த ஆயில் போடணும்? நீதான் சொல்லணும்."

எத்தனையோ பேசணும் என்று வைத்திருந்தேன். ஆயிலைப் பற்றித்தான் வந்தது. "நம்பரைப் பாக்காதீங்க, எழுத்தைப் பாருங்க. எச்.டி. நாப்பதே போடுங்க. கொஞ்சம் தடிப்பு, அதனால காலையில அஞ்சு நிமிஷம் நிக்கவச்சு ஓடவிட்டுட்டு எடுக்கணும்."

சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். "கறுக்கும், இல்ல?"

"கறுக்கும்ங்க."

"கறுத்தாத்தான் சரி" என்றார், அன்றைக்கு ஸ்டோரில் நின்ற அந்த நாற்பது பேருக்கும், அதற்கு மேலேயும் கேட்கிற மாதிரி. "அன்னைக்கு எனக்குத் தெரியல."

பெண்கள் வரிசையில் பூரணி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் முகத்தைத் துடைத்தாள். மழைக்கா, வேறெதற்குமா, நான் கேட்கவில்லை.

அவர் பத்தடி போனதும் நான்தான் கூப்பிட்டேன். "நாளைக்குப் பொண்ணை யாரு கூட்டிக்கிட்டுப் போறது?"

நின்றார். "மூக்கனுக்கு அந்த ஏத்தம் பழக்கமில்ல" என்றார்.

விடிய நாலு மணிக்கு எழுந்திருக்கணும். பூரணி என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறாள்.