கூடைப்பந்து வேனில் ஓர் இடம்

14-9-1971, செவ்வாய்

இந்த வருஷம் எங்கள் கால்பந்து அணி மெட்ராஸ் போட்டிக்குப் போகாது என்று பிரின்சிபால் இன்று என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கூடைப்பந்து அணி மட்டும் போகிறது.

"சின்ன காலேஜ்பா நம்மளது. உங்களுக்குன்னா தனி பஸ்ஸு, பூட்ஸு, அத்தினி பேருக்கும் சாப்பாடு. அவங்க ஒரே வேன்ல போய்ட்டு வந்துடுவாங்க" என்றார். கேப்டனாகிய நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவர்கள் ஆடுவதைப் பார்க்காமல் வீட்டுக்கு வர முடியவில்லை. பட்டுக்கடை முதலாளி ஒருவர் போட்டுக்கொடுத்த சிமெண்டுத் தளம், புது வலை, புது பனியன். நாங்கள் நெருஞ்சி முள்ளில் ஓடுகிறோம். அவர்களுடைய கேப்டன் தாமோதரன் என் வகுப்புத்தான். அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

எல்லை தாண்டி வந்த பந்தை எட்டிப் பிடித்து, இருந்த ஆத்திரத்தில் அங்கிருந்தே வீசினேன். வளையத்தில் இடித்து உள்ளே விழுந்தது. தாமோதரன் ஓடி வந்தான்.

"கோல்கீப்பர் கைன்னா சும்மாவா! எங்களாண்ட வந்துடு மச்சான். வேன்ல ஒரு சீட்டு இருக்குது."

"எங்க பசங்க?"

"அதுக்கு நான் இன்னாடா பண்ண முடியும்?"

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பனியன் என் அளவுக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன்.

விடிந்தால் பயிற்சிக்கு எங்கள் பையன்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். போட்டி இல்லை என்பதையே அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.