குறிப்பிடத் தகாத நாற்பத்தொரு கற்கள்

ஏப்ரல் 22, 1968. திங்கள்

தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் தேவாலயக் கதவில் புதிய அறிவிப்பு. கண்ணாடி இல்லாமல் படித்தேன், நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி படித்தேன். கல்லறைத் தோட்டத்தில் நாற்பத்தொரு கற்களைப் பிடுங்கி, உடைத்து, நடைபாதையில் பரப்பப் போகிறார்களாம். புல்வெட்டும் இயந்திரம் நேராகப் போக வேண்டுமாம்! ஆட்சேபம் இருந்தால் மே 20-க்குள் எழுதித் தரலாம். இறந்தவரின் உறவினர் மட்டும். அப்படி எழுதிவந்த கல்லை விட்டுவிடுவார்களாம்.

புல்லுக்காகப் பெயர்களைப் பிடுங்குகிறார்கள். இந்த ஹென்ஸ்பி ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள், இதன் வரலாற்றை எழுதியவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஏப்ரல் 23

பாதிரியார் லவல் வீட்டுக்குப் போனேன். மனிதர் வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“எதை வெச்சு இந்த நாப்பத்தொண்ணைப் பொறுக்கினீங்க?” என்று கேட்டேன்.

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். 1951-ல் நான் அச்சிட்ட என் புத்தகம். கடைசிப் பக்கத்துத் தோட்ட வரைபடத்தில் நானே போட்ட பெருக்கல் குறிகள். அடியில் என் வாக்கியம்: ‘குறியிட்ட நாற்பத்தொன்றும் பிற்காலத்தவை, குறிப்பிடத் தக்கவை அல்ல.’

“நீங்களே வேண்டாம்னு எழுதிட்டீங்களே, மிஸ் ஆல்ட்ரிச். எங்களுக்கு வேலை மிச்சம். தேங்க்ஸ்தான் சொல்லணும்.”

கதவை அறைந்துவிட்டு வந்தேன். தெருக்கோடி வரை காது சுட்டது.

ஏப்ரல் 24

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 26

ஏன் அப்படி எழுதினேன்? பதில் எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1837-க்குப் பிறகு பிறப்பு, இறப்பையெல்லாம் அரசாங்கமே பதிந்துகொள்கிறது. அதனால் எங்களைப் போன்ற ஊர் வரலாற்றுக்காரர்கள் அந்த வருடத்தோடு நோட்டை மூடிவிடுவோம். அதற்குப் பின் செத்தவர்கள் எங்களுக்கு வரலாறே இல்லை. பண்ணை வீட்டு எஜமானர்கள் 1700-களிலேயே செத்துத் தொலைந்ததால் அவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். கூலிக்காரர்களுக்குக் கல் வைக்க வசதி வந்ததே பிறகுதான். அவர்களுக்குப் பெருக்கல் குறி.

லவல் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தும் படுகிறேன். அந்த ஆள் மேலும், என் மேலும்.

ஏப்ரல் 28. ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரூபன் கேட்ச்போல் வழி மறித்தார். சாலை போடும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். அவர் மகள் எல்சி நான்கு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போனாள். சாலைக்கு வந்த கல்லில் ஒன்றை எடுத்து அவரே பெயர் வெட்டி நட்டார். எழுத்துகள் கோணல் மாணலாக இருக்கும். அதற்கும் என் குறி விழுந்திருக்கிறது.

எல்லார் முன்னாலும் கேட்டார்: “எம் பொண்ணு குறிப்பிடத் தக்கவ இல்லையா டீச்சரம்மா? எழுதறப்ப என்ன, மழை பேஞ்சுதா? டீ ஆறிப் போச்சா?”

“தப்புதான் ரூபன்.”

“தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்னா? அந்தக் கல்லுகிட்ட போய்ச் சொல்லுங்க.”

அவர் கேட்டதில் பிழையே இல்லை, அதுதான் பொறுக்கவில்லை.

மே 2

தேவாலயத்தில் ஆட்சேபப் படிவங்களை வாங்கிக்கொண்டு ரூபன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற நாற்பது பேரின் சொந்தக்காரர்கள் எங்கே என்று கேட்டேன். அரை மனதாகச் சொல்ல ஆரம்பித்தவர், பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். ஒரே நாளில் ஏழு. யார் பேத்தி எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட என் புத்தகத்தில் இல்லை.

மே 11

முப்பது. லவல் என்னைத் தெருவில் பார்த்து, “இன்னும் கோபமா?” என்று சிரிக்கிறார். ஆமாம் ஐயா, இன்னும்தான்!

மே 18

முப்பத்தெட்டு. மீதி மூன்று பேருக்கு யாருமே இல்லை. அநாதை விடுதியிலிருந்து வேலைக்கு வந்த ஹன்னா ஸ்டட். படகிலிருந்து விழுந்து செத்த வில்லியம். சட்டிபானை விற்க வந்து, காய்ச்சலில் இங்கேயே போன ஜாப் மெட்கால்ஃப். ஊரார் சேர்ந்து வைத்த கற்கள். உறவினர் மட்டும் என்கிறது அந்தப் பாழாய்ப்போன காகிதம்.

மே 20

காலையில் மூன்று படிவங்களையும் நானே நிரப்பினேன். ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?’ ஹன்னா: பாட்டியின் தங்கை. வில்லியம்: தாத்தாவின் அண்ணன். ஜாப்: தூரத்து மாமா. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள், ஒரே உட்காரலில் மூன்று பொய் எழுதினேன். பேனா தயங்கவே இல்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரூபன் சொன்னார்: “உங்க குடும்பம் இம்மாம் பெருசுன்னு எனக்குத் தெரியாதே டீச்சரம்மா.”

லவல் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசி மூன்றில் நிறுத்தினார். “இவங்க மூணு பேரும் உங்க சொந்தமா? புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையே?”

“விட்டுப் போச்சு,” என்றேன். “அடுத்த பதிப்புல சேத்துடறேன்.”

மூன்றையும் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினார். பிறகு, பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.