அப்பா படித்த வகுப்பு

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

பிள்ளைகளின் அப்பாவுக்கு, உங்கள் மனைவி அன்போடு எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம். உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? வெல்டிங் செய்யும்போது முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கப்பல் பட்டறையில் கண் போனால் வேறு கண் தரமாட்டார்கள். ஒழுங்காக மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதீர்கள். நான் கொஞ்சம் கறாராகப் பேச ஆரம்பித்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. அதுவும் போக, நீங்கள் கூப்பிட்டால் சின்னவள்தான் ஓடிப்போய் எடுத்து ஸ்பீக்கரில் போடுகிறாள். இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். உறைக்குள் ஒரு படிவமும் வைத்திருக்கிறேன். கடிதத்தை முதலில் படியுங்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெரியவளை இங்கே இஸ்திரி உருளைக்கு மாற்றியிருக்கிறார்கள். கை சுட்டுக்கொள்ளாமல் போர்வையை உள்ளே விடுவதில் இப்போது என்னைவிடக் கெட்டிக்காரி. மேற்பார்வையாளர்கூடப் பாராட்டினார். எனக்குத்தான் அந்தப் பாராட்டு அவ்வளவாக இனிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை வேறு எதிலாவது கெட்டிக்காரியாக இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாருமே பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளைகளுக்கென்று அரசு பள்ளிக்குத் தனியாக நிதி தருகிறது, தெரியுமல்லவா? அந்த நிதியில்தான் நம் குடியிருப்புக்கு வேன் வருகிறது. கணக்கு டீச்சர் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் அதில்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைந்தது முப்பது இருந்தால்தான் ஒரு பள்ளிக்குத் திட்டம் உண்டு. போன வருடம் நம் பள்ளியில் முப்பத்தாறு. இந்த வருடம் பன்னிரண்டுதான் என்றார் தலைமையாசிரியை.

நடந்தது இதுதான். போன வருடம் டீச்சர்கள் வீடு வீடாக வந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, நம்மைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இந்த வருடம் வேலையைச் சுலபமாக்குகிறோம் என்று படிவத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளை எதிரே பேனாவோடு உட்கார்ந்து, அம்மா எதுவரைக்கும் படிச்சே, அப்பா எதுவரைக்கும் படிச்சாரு என்று கேட்டால் யாருக்கு வாய் வரும்? குழாய்க்காரர் பன்னிரண்டு முடித்தேன் என்றாராம். தையல்காரம்மாவோ பன்னிரண்டு என்றதோடு நிற்காமல் தட்டச்சும் தெரியும் என்று சேர்த்துச் சொன்னாராம். ஒரே வாரத்தில் நம் தெரு மொத்தமும் படித்துக் கிழித்துவிட்டது.

உங்கள் மனைவி மட்டும் என்ன யோக்கியமா? ஐந்தாவதோடு நின்றவள் எட்டு என்று சொன்னேன். உங்களுக்குப் பன்னிரண்டு. நீங்கள் அவளிடம் அளந்து வைத்திருப்பதைத்தானே நானும் சொல்ல முடியும்? வேதியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்றுவேறு சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவள் அதையே நம்பி, அழகான கையெழுத்தில் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதக் கடைசிக்குள் திருத்திய படிவம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், யார்மேலும் குற்றம் சொல்லமாட்டார்கள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஒரே வருஷத்தில் உங்கள் தெருவில் எல்லாரும் பட்டம் வாங்கிவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேனை அடுத்த மாதம் வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது என்றார்.

நேற்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். மாற்றி எழுதிக் கொடுங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் குழாய்க்காரர் கேட்டார்: "உங்க வீட்டுப் படிவத்துல என்னம்மா எழுதியிருக்கு?" வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அதனால் முதலில் நம் வீட்டுப் படிவம் சரியாக வேண்டும். திருத்திய படிவத்தில், அப்பா வெளியூரில் இருந்தாலும் அவர் பங்கை அவரேதான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆறாம் வகுப்பு என்று எழுதுங்கள். ஒரு வரிதான். சின்னவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பதில் கடிதத்தில் படிவம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு,
உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை, காலை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. பணமும் வந்தது. படிவமும் வந்தது, போனபடியே, ஒரு கோடுகூட இல்லாமல். நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமையில்லை. நலமாக இருப்பீர்கள்.

தனியாக டியூஷன் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். டியூஷன் டீச்சர் வேன் ஓட்டுவாரா? நெடுஞ்சாலையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்ததால்தானே பெரியவளை நிறுத்தினோம்? அன்றைக்குச் சாயங்காலம் இருட்டிவிட்டது, பிள்ளை வரவில்லை என்று நீங்களும் நானும் சாலையோரம் நின்றதை மறந்துவிட்டீர்களா? மறுநாள் நீங்கள்தான் போதும் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். இப்போது ஒரு வேன் இருக்கிறது. அதை நம் வெட்கத்துக்காகத் திருப்பி அனுப்ப முடியாது.

நம் ஒரு படிவத்தால் என்ன ஆகிவிடப் போகிறது, மற்றவர்கள் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் ஆளாளுக்கு அதையேதான் சொல்கிறார்கள். அப்படித்தான் பன்னிரண்டில் வந்து நிற்கிறோம். அவ முன்னால நான் என்ன முகத்தோட நிப்பேன் என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் உண்மையான பதில். அதைப் படித்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது. நீங்கள் பெருமைக்காகப் பொய் சொல்லவில்லை. அப்பா படித்தவர் என்றால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா?

ஆனால் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை பள்ளி வராந்தாவில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை அரை மணி நேரம் பேசினார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். "நான் அஞ்சாவது வரைக்கும்தான். படிவத்துல எட்டுன்னு பொய் சொன்னேன். இப்போ மாத்திக் கொடுக்கிறேன்" என்றேன். உட்காரும்போதுதான் பார்த்தேன், வகுப்பறை வாசலில் மற்ற பிள்ளைகளோடு சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

தையல்காரம்மா அடுத்து எழுந்தார். தட்டச்சும் தெரியாது என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் சுலபமாகிவிட்டது. பழைய பன்னிரண்டோடு இப்போது இருபத்தாறு படிவம் ஆகியிருக்கிறது. குழாய்க்காரரும் பின்வரிசை வீட்டுக்காரர்கள் நான்கைந்து பேரும்தான் பாக்கி. எல்லாம் ஆம்பிளைகள். வெல்டர் வீட்டுப் படிவம் வரட்டும், அவர் போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சின்னவள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். அதற்குப் பெரியவள்தான் பதில் சொன்னாள். உங்கள் மகள், அதிகம் பேசமாட்டாள் அல்லவா, அன்றைக்குப் பேசினாள்.

"என்னை எட்டாவதுன்னே எழுதுடி. எனக்கு வெட்கம் இல்ல. அன்னைக்கு வேன் விடாதவங்கதான் வெட்கப்படணும்."

சின்னவள் புதுப் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அம்மா, ஐந்து. அக்கா, எட்டு. உங்கள் வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். பன்னிரண்டு என்று எழுதவில்லை, வேறு எதுவும் எழுதவில்லை. உங்கள் வகுப்பை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பா வரியை அப்பாவே எழுதட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தப் படிவம்தான் இந்த உறைக்குள் இருக்கிறது. தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் கூடவே வைத்திருக்கிறேன். பட்டறைக்கு எதிரே தபால்பெட்டி இருப்பதாக நீங்களே ஒருமுறை சொன்னீர்கள், அதனால் சாக்கு எதுவும் மிச்சமில்லை. நீங்கள் அனுப்பிய பணத்தில் பெரியவளுக்கு மாலை நேரப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்து நேராகப் போகலாம், எட்டாவதில் விட்டவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்களைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

இன்னும் ஒன்று. நேற்று வேன் நிற்கும் இடத்தில் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். சின்னவள் அவரிடம் ஒன்று சொன்னாளாம். "டீச்சர், எங்க வீட்டுல ஸ்கூல் முடிக்கப்போற முதல் ஆள் நான்தான்" என்றாளாம். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள் என்றார் டீச்சர்.

அந்த முதல் இடத்தில் இத்தனை வருடம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து உங்கள் மகளுக்கு இடம் விடுங்கள்.

நல்லபடியாக இருங்கள்.

படிவத்தை எதிர்பார்த்து,
உங்கள் மனைவி, ஐந்தாம் வகுப்பு