எவ்லின் ஆன்ரி சிரித்த கசெட்

செட்டிபாளையம்,
19.05.2003

அன்புள்ள றொஷெல்,

நீ அனுப்பிய வீடியோக் கமரா சுகமாக வந்து சேர்ந்தது. நானே இயக்கப் பழகினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி உதயரூபன்தான் ஒவ்வொரு பொத்தானாக அமத்திக் கண்டுபிடித்தான்.

நேற்று ஞாயிறு, பின்னேரம் வீட்டில் படம் போட்டோம். உதயன் யன்னல்களுக்கு என் சேலைகளைக் கட்டி இருட்டாக்கினான். டச்பார்க் கடற்கரையிலிருந்து உன் மம்மி எவ்லின் ஆன்ரி மிக்சர்ப் போத்தலும் கையுமாக பஸ்ஸில் வந்தா. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து இயக்கப் பிள்ளைகள் ஏழு பேரும் தோணியில் வந்தார்கள். சமாதான காலம்தானே, துவக்கு இல்லாமல் வெறுங்கையோடு சேர்ட்டும் சிலிப்பருமாக வந்து ஆன்ரிக்குப் பின்னால் இருந்தார்கள். உதயன் அவர்களில் ஒருவனின் தோளில் கைபோட்டுக்கொண்டு இருந்தான்.

படம் எனக்கு ஆறாவது தடவை. வசனமெல்லாம் மனப்பாடம். ஆனால் பார்க்கிறவர்களின் முகம் ஒவ்வொரு தடவையும் புதுசு, அதனால் கமராவை அவர்கள் பக்கமே பிடித்தேன். நாயகன் ஒரே உதையில் பத்துப் பேரை விழுத்தியதும் ஆன்ரி, "இவன் என்னகா, ஒரு வாய் சோறும் தின்னாம இந்த அடி அடிக்கிறான்!" என்று கத்தினா. வீடே சிரித்தது. ஆன்ரி கட்டுப்பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தா.

ஒரு பிள்ளை மட்டும் முகத்தைத் திருப்பி, "எங்கள எடுக்காதீங்க அக்கா" என்றான். சண்டைக்காட்சி வந்ததும் அவனும் மறந்துவிட்டான். பள்ளியில் படிக்கும்போது படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் என் தோளில் நித்திரை கொள்கிறவள் நீ. உனக்கு இந்தப் பைத்தியம் எங்கே விளங்கப்போகிறது!

உன் அன்பு,
யசோதினி

மெல்பேர்ன்,
20.02.2005

யசோ,

மம்மியை அடக்கம் செய்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கிழமை ஆகிறது. டச்பார் வீட்டில் அத்திவாரம்தான் மிச்சம். அல்பம், கலியாணப் படங்கள், எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படத்தின் பிரதி ஒன்று. அதில் மம்மி யாரோ மாதிரி இருக்கிறா.

நீ எடுத்த கசெட் தப்பியதா? தப்பியிருந்தால் அனுப்பு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

றொஷெல்

செட்டிபாளையம்,
11.04.2005

என் றொஷெல்,

கசெட் இருக்கிறது. எங்கள் வீடு வாவிப் பக்கம் என்றபடியால் தண்ணீர் முற்றத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அனுப்பப் பயமாக இருக்கிறது. உனக்கு மறைக்க என்ன இருக்கிறது?

அன்று வந்த ஏழு பேரும், இயக்கம் உடைந்ததோடு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. யார் யாரோடு இருந்தான், யாருக்குச் சோறு கொடுத்தான் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். கசெட்டில் உதயன் நடுவில் இருக்கிறான். படப் பைத்தியம் என்பதைத் தவிர அவனுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"எரிச்சிருங்க அக்கா" என்றான் உதயன். அடுப்படிவரை கொண்டுபோனேன். ஆன்ரியை எப்படி எரிப்பது? திரும்பி வந்து நெல் மூட்டைக்குள் புதைத்தேன். கொஞ்சம் பொறு.

யசோ

மெல்பேர்ன்,
26.12.2007

யசோ,

மம்மி போய் இன்றோடு மூன்று வருடம், இவ்வளவு நாளும் பொறுத்தேன். நேற்று என் மகன் ஷேன் கேட்டான், பாட்டி எப்படிச் சிரிப்பா என்று. சிரித்துக் காட்டப் பார்த்தேன், வரவில்லை. மம்மியின் சிரிப்பு எனக்கு மறந்துவிட்டது, யசோ.

றொஷெல்

செட்டிபாளையம்,
02.03.2008

அன்புள்ள றொஷெல்,

டச்பார் அலோசியஸ் அங்கிள் உங்கள் பக்கம் வருகிறார். அவருடைய சப்பாத்துக்குள் கசெட்டை வைத்து விட்டிருக்கிறேன். ஆன்ரி வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குக் களுவாஞ்சிக்குடிக் கடையில் கொடுக்கவேண்டும், கடைக்காரர் முழுவதையும் பார்ப்பார். அதனால் முழுசாகவே வருகிறது.

உதயனிடம் கேட்டேன். போன வருடம் கலியாணம் செய்தவன், இப்போது மனைவிக்கு இரண்டு மாதம். கசெட்டில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினான். பிறகு, "அந்த மனிசி கையால எத்தின நாள் திண்டிருக்கன். அனுப்புங்க" என்றான்.

இங்கே ஆமி வந்து எல்லா இடத்தையும் பிடித்துவிட்டது. இப்போது படம் போடுவதில்லை. யன்னலை மூடினாலே ஏனென்று கேட்கிறார்கள். நான் தனியாக, சத்தத்தைக் குறைத்து, பழைய படங்களை வாயசைப்பில் பார்க்கிறேன்.

நீ மட்டும் பார். உன் பிள்ளைக்குக் காட்டு. வேறு ஒருவருக்கும் வேண்டாம். ஆன்ரி மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

யசோ

மெல்பேர்ன்,
21.07.2008

என் தங்க யசோ,

உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். நூறு தரம் பார்த்துவிட்டேன். அந்தக் கட்டுப்பல்லைப் பிடிக்கிற பிடி! மம்மியேதான்!

கோபிக்காதே, ஒரு விசயம். போன கிழமை மம்மியின் பிறந்தநாளுக்குக் கோயில் மண்டபத்தில் ஊர் ஆட்கள் நாற்பது பேர் கூடினோம். காட்டாமல் இருக்க மனம் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். கனடாவில் இருக்கிற சொந்தங்களும் பார்க்கட்டும் என்று ஷேன் அதை இன்டர்நெற்றில் போட்டிருக்கிறான். மம்மி வருகிற நாலு நிமிடம் மட்டும்தான். மெல்பேர்ன்காரர் போட்டதை அங்கே யார் தேடப்போகிறார்கள்?

திரையில் உன் பெயர் வரவேண்டும் என்று வகுப்பில் சொல்வாயே! கடைசியில் பெரிய எழுத்தில் போட்டோம்: "ஒளிப்பதிவு: யசோதினி, செட்டிபாளையம்." பார்த்தால் துள்ளுவாய்.

முத்தங்களுடன்,
றொஷெல்

மெல்பேர்ன்,
30.10.2008

யசோ,

நான்கு கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போனும் எடுக்கிறாய் இல்லை. கோபம் என்றால் இரண்டு வார்த்தை ஏசி எழுது. ஷேன் அதை இன்டர்நெற்றிலிருந்து கழற்றிவிட்டான். எல்லோரும் சுகம்தானே?

றொஷெல்

செட்டிபாளையம்,
14.06.2009

றொஷெல்,

ஆகஸ்ட் பதினாறாம் திகதி வந்தார்கள். யார் என்று சொல்லவில்லை, வந்த வான் வண்டிக்கு இலக்கத்தகடும் இல்லை. "யசோதினி ரீச்சர்ட வீடு இதுதானே?" என்று ஊரில் கேட்டு நேரே வந்தார்கள். கையில் ஒரு கடதாசி. அதில் உதயன், அந்த இயக்கப் பிள்ளையின் தோளில் கைபோட்டபடி. ஆன்ரியின் தலையில் பாதியும் விழுந்திருந்தது. "விசாரிச்சித்து விடுறம்" என்று கொண்டுபோனார்கள். அல்பத்தையும் கமராவையும் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து மாதம். போகாத முகாம் இல்லை. எங்கே போனாலும் இங்கே இல்லை என்கிறார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று போன மாதம் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இனி விட்டுவிடுவார்கள் என்று உதயனின் மனைவி தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் காத்திருக்கிறாள். மகன். எட்டு மாதம்.

உன்னை ஏசுவதற்குப் பல தடவை பேனையை எடுத்தேன். உனக்கு அனுப்பியது நான். அதனால் என்னையும் சேர்த்து ஏசவேண்டியிருந்தது.

தகப்பன் நடந்து வருவதையும் சிரிப்பதையும் இந்தப் பிள்ளைக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கசெட்டைத் திருப்பி அனுப்பு. யார் பார்த்தாலும் இனி எனக்குப் பயமில்லை.

கசெட்டை மட்டும் அனுப்பு. கூடக் கடிதம் எதுவும் வைக்காதே.

யசோதினி