அனுப்பப்படாத ஒன்பது கடிதங்கள்

கான்பெரா, 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கரும்பு வெட்டு முடிந்ததா?

போன வாரம், உலகப் போர்க்காலத்தில் எதிரி நாட்டார் என்று நம் இத்தாலியர்களை இங்கே அடைத்துவைத்த முகாமின் கோப்புகளை அடுக்கும் வேலை ஆவணக் காப்பகத்தில் எனக்கு வந்தது. அப்பாவின் கோப்பும் இருந்தது. “கைதிகள் நன்றாக நடத்தப்படுகிறார்கள், வீட்டுக்குத் தாராளமாகக் கடிதம் எழுதுகிறார்கள்” என்கிறது முதல் தாள். அதன் அடியிலேயே அவர் உனக்கு எழுதிய ஒன்பது கடிதங்கள் கிடக்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட இத்தாலியன் மட்டும் தெரிந்த தணிக்கையாளர், ஏதோ ரகசியக் குறிமொழி என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது கடிதம், அண்ணன் இறந்த செய்தி கிடைத்த அன்று எழுதியது.

“எழுதினேன்டி” என்று அப்பா சொல்லும்போதெல்லாம், “ஆமா, தபால்காரன் தின்னுட்டான்!” என்பாய். முப்பது வருடம் நீ அவரை நம்பவில்லை, அம்மா.

மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அது அரசாங்கச் சொத்தும்மா. வேணும்னா உங்கப்பா மனு போடட்டும்” என்றார். சொந்தக் கடிதத்தைப் பார்க்க மனு!

இங்கே குளிர் தாங்கவில்லை. உன் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மனுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் நீங்கள் இருவரும் தம்பி வழியாகத்தான் பேசிக்கொள்கிறீர்கள். அப்பாவின் இந்தக் கையெழுத்தை மட்டும் நீயே அவரிடம் போய்க் கேட்டு வாங்கு.

உன் மகள்,
ரினால்டா